வளைவின் பாதம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்கின்றன. 1569-இல் அரியநாத முதலியார் எழுப்பிய மண்டபம் அது. உள்ளே எந்தப் பக்கம் நடந்தாலும் சில எட்டுகளுக்குள் ஒரு தூண் எதிரே வந்துவிடும். கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே போய்விடலாம். மகால் 1636-இல் கட்டப்பட்டது. அங்கே தூண்கள் பருத்து, உயர்ந்து, விலகி நிற்கின்றன. தூணுக்குத் தூண் இதழ் இதழாக மடிந்த வளைவுகள் பாய்கின்றன. சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டுக்கும் இடையே எழுபது ஆண்டுகூட இல்லை. முன்னது கருங்கல், பின்னது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். வலிய பொருளால் கட்டிய மண்டபத்தில் தூண்கள் நெருங்கி நிற்க, மெலிந்த பொருளால் கட்டிய மகால் விரிந்து கிடக்கிறது. இது ஏன் என்று கேட்டால் வளைவின் இயற்பியலில் பாதி விளங்கிவிடும்.

இரண்டு தூண்களின் தலையில் ஒரு கல் உத்தரத்தைப் படுக்க வைத்தால், அது தன் எடையாலும் மேல்தளத்தின் எடையாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்கிறது. தொய்யும்போது உத்தரத்தின் மேல்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. கருங்கல்லுக்கு நெருக்கினால் கவலை இல்லை. இழுத்தால் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, பல கற்களில் அதைவிடவும் குறைவு. ஆகவே கல் உத்தரம் எப்போதும் அடியிலிருந்துதான் விரிசல் விடும். நீளம் கூடக் கூட இந்த இழுவை வேகமாக ஏறுகிறது. சில மீட்டருக்கு மேல் கல்லை நம்பிப் படுக்க வைக்க முடியாது. அடுத்த தூணை நட்டே ஆகவேண்டும். ஆயிரங்கால் மண்டபங்களின் அழகுக்குப் பின்னால் இருக்கும் கட்டாயம் இதுதான். அந்தக் கட்டாயத்தையே சிற்ப வாய்ப்பாக மாற்றி, தூண் ஒவ்வொன்றையும் ஒரு தனிப் படைப்பாக்கிய சிற்பிகளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதைத் தெரிந்துகொண்டபின் கூடியதே தவிரக் குறையவில்லை.

வளைவு என்ன செய்கிறது? இழுவை தலைகாட்டவே இடம் தராமல் பார்த்துக்கொள்கிறது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் கீழே விழப்பார்க்கிறது. விழவேண்டுமென்றால் அண்டைக் கற்களை விலக்கியாக வேண்டும். அவை தங்களுக்கு அடுத்த கற்களை நெருக்குகின்றன. இப்படியே நெருக்கம் கல்லிலிருந்து கல்லுக்குக் கைமாறி, வளைவின் இரு பாதங்களுக்கும் வந்து சேர்கிறது. நெடுகிலும் இருப்பது அமுக்கம் மட்டுமே. கல்லுக்கு எது இயல்போ அதை மட்டும் கேட்கும் வடிவம் வளைவு. மெலிந்த செங்கல்லுக்கும் அமுக்கம் தாங்கத் தெரியும் என்பதால், மகாலில் அது கருங்கல் உத்தரத்தால் முடியாததைச் செய்கிறது.

ஆனால் பாதத்துக்கு வந்து சேர்ந்த அந்த விசை நேராகக் கீழே இறங்குவதில்லை. சாய்வாக, வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. சுவரில் சாய்த்த ஏணியின் கால் பின்னோக்கி வழுக்கப்பார்ப்பதுபோல வளைவின் இரண்டு பாதங்களும் எந்நேரமும் விலகப்பார்க்கின்றன. பொறியாளர்களின் கணக்கு முழுவதும் இந்த உதைப்பைப் பற்றியதுதான். உச்சியில் இருக்கும் நடுக்கல்லையே எல்லாரும் புகழ்கிறார்கள். வளைவின் உயிர் அதில் இருப்பதாக நம்புகிறார்கள். நடுக்கல் கடைசியாக வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். வைத்தபின் அது மற்ற எந்தக் கல்லையும்விட முக்கியமானதல்ல. எதை உருவினாலும் வளைவு விழும். ஒரு வளைவு நிற்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் பாதங்களைப் பாருங்கள். அங்கே உதைப்பை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியோடுதான் நடக்கப்போகிறோம்.

வளைவாகத் தெரிவதெல்லாம் வளைவாக வேலை செய்வதும் இல்லை. தில்லி குதுப் வளாகத்தின் மசூதியில் 1190-களின் இறுதியில் எழுந்த பெரிய கல் முகப்பில் கூரிய வளைவுகள் இருக்கின்றன. உள்ளூர்க் கல்தச்சர்கள் அவற்றைத் தங்களுக்குப் பழகிய முறையில், கல்லுக்கு மேல் கல்லைச் சற்றே முன்தள்ளிப் படுக்கை வரிசைகளாக ஏற்றி, பிறகு வளைவின் கோட்டில் செதுக்கிவிட்டார்கள். உருவம் வளைவு, வேலையோ ஒரு பக்கம் நீட்டிய உத்தரத்தின் வேலை. தில்லியில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஆப்புக் கற்களால் ஆன மெய்யான வளைவு, 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பல்பன் கல்லறையில்தான் முதலில் தென்படுகிறது. இதை வைத்து, அதற்குமுன் இந்தியாவில் வளைவே தெரியாது என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியல்ல. கான்பூர் அருகே பீதர்காவ் என்ற ஊரில் குப்தர் காலத்துச் செங்கல் கோயிலில் மெய்யான வளைவு இருக்கிறது. தெரிந்திருந்தும் நம் கோயில் மரபு கல் உத்தரத்தைத் தேர்ந்துகொண்டது என்பதே பொருத்தமான வாசிப்பு. உத்தரம் பாதத்தை உதைக்காது. தூண் நேர்கீழாக எடையை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கும்.

வளைவு கட்டுவதில் ஒரு விந்தை உண்டு: கடைசிக் கல் வைக்கும்வரை அது வளைவே அல்ல. ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளக் கற்கள் இன்னும் முழுமையாகச் சேரவில்லை. அதனால் முதலில் மரத்தால் ஒரு வளைவு செய்து கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். கொத்தனார்கள் சென்ட்ரிங் என்பது இதைத்தான். பழைய வீடுகளின் சன்னல் வளைவுக்கு மரம்கூடத் தேவைப்படவில்லை; திறப்பைக் காய்ந்த செங்கல்லாலும் மண்ணாலும் அடைத்து, மேற்பரப்பை வளைவாகப் பூசி, அதன்மேல் வளைவைக் கட்டி, காரை இறுகியதும் அடைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பாலத்தில் சென்ட்ரிங் இறக்குவது நெஞ்சு படபடக்கும் நேரம். ஆப்புகளை மெல்லத் தளர்த்துகிறார்கள். சட்டம் ஒரு விரற்கடை இறங்குகிறது. கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்கின்றன, மூட்டுக் காரை நசுங்குகிறது, வளைவின் உச்சி சற்றே தாழ்கிறது. அந்தக் கணம்வரை மரம் சுமந்த எடை முழுவதும் அப்போது பாதங்களுக்குப் போகிறது. பாதங்கள் முதன்முறையாக உதைப்பை உணர்கின்றன. அவை சிறிது விலகினாலும் உச்சி இன்னும் தாழும்.

எவ்வளவு உதைப்பு? கணக்கு எளிது. சீராகப் பரவிய சுமையை இடைவெளியின் அகலத்தால் பெருக்கி, வளைவின் உயரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் பக்கவாட்டு உதைப்பு கிடைக்கும். 100 டன் சுமை, 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வளைவு 5 மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு பாதத்திலும் உதைப்பு 25 டன். உயரத்தை 2 மீட்டராகக் குறைத்தால் 62.5 டன். 1 மீட்டராக்கினால் 125 டன். சுமையைவிட உதைப்பு பெரிதாகிவிட்டது. தட்டையான வளைவு கண்ணுக்கு எளிமையாகத் தெரியும், தரைக்கோ அதுதான் கொடியது. ரோமானியர்கள் பெரும்பாலும் அரைவட்டத்தோடு நின்றுகொண்டதன் விவேகம் இதில் இருக்கிறது.

அந்த எல்லையைத் துணிந்து கடந்தவர் சீனாவின் லி சுன். ஹெபெய் மாகாணத்தின் ஜாவ்ஜோவில், சூயி வம்ச ஆட்சியில், 605-ஐ ஒட்டி முடிந்த அவருடைய கல்பாலம் ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ 37 மீட்டரைத் தாண்டுகிறது. எழுந்து நிற்பது 7 மீட்டருக்குச் சற்றே அதிகம். அரைவட்டமாகக் கட்டியிருந்தால் 18 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். வண்டி மாடுகள் திணறியிருக்கும். இவ்வளவு தட்டையான வளைவின் உதைப்பைக் குறைக்க லி சுன் சுமையிலேயே கைவைத்தார். பெரிய வளைவின் தோள்கள் இரண்டிலும் கல்லை நிரப்பி அடைக்காமல், பக்கத்துக்கு இரண்டு சிறிய வளைவுகளைத் திறந்து விட்டார். எடை குறைந்தது. வெள்ளம் ஏறும்போது நீர் அந்தச் சாளரங்கள் வழியாகவும் ஓடிவிடும். தோள்களை இப்படித் திறந்து விடும் உத்தி ஐரோப்பாவில் பரவலானது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பாலம் இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்க இசம்பார்ட் புரூனெல் 1838-இல் கட்டிய ரயில் பாலத்துக்கும் இதே தட்டைதான் சிக்கலானது. செங்கல்லால் இரண்டு வளைவுகள், ஒவ்வொன்றும் 39 மீட்டர் அகலம், 7.3 மீட்டர் உயரம். விழுந்துவிடும் என்றே பலர் சொன்னார்கள். ஒரு வளைவில் காரை இறுகும் முன்பே சென்ட்ரிங்கைத் தளர்த்தியதால் அது உருக்குலைந்தும்விட்டது. சரிசெய்தபின் புரூனெல் சென்ட்ரிங்கைச் சற்றே தாழ்த்தி, வளைவைத் தொடாதபடி அப்படியே நிறுத்தி வைத்தார். புயல் ஒன்று அந்த மரச்சட்டங்களை அடித்துத் தள்ளியபோது, அவை எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. அன்றைய ரயில்களைவிடப் பலமடங்கு கனத்த ரயில்கள் இன்றும் அதன்மேல் ஓடுகின்றன.

சரி, வளைவுக்கு எந்த வடிவம் உகந்தது? இந்தக் கேள்விக்கு விடை ஒரு சங்கிலியில் தொங்குகிறது. மெல்லிய சங்கிலி ஒன்றை இரு கைகளிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். சங்கிலிக்கு இழுவை மட்டுமே தெரியும், அமுக்கினால் மடிந்துவிடும். ஆகவே அது தொங்கும் வடிவம், இழுவை மட்டுமே ஓடும் வடிவம். அதை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகப் புரட்டினால், ஒவ்வொரு கண்ணியிலும் இருந்த இழுவை அதே அளவு அமுக்கமாக மாறும். அமுக்கம் மட்டுமே ஓடும் வடிவம் கிடைத்துவிட்டது. உங்கள் கைகளைக் கவனித்தீர்களா? சங்கிலி அவற்றை உள்நோக்கி இழுக்கிறது. கைகளை அகல விரித்துச் சங்கிலியைத் தட்டையாக்கினால் இழுப்பு சட்டென்று ஏறுகிறது. புரட்டிப்போட்டால் அதுதான் வளைவின் உதைப்பு.

இதைக் கண்டவர் ராபர்ட் ஹூக். 1675-இல் வெளியான தன் நூலொன்றின் முடிவில் அவர் இதை வெளிப்படையாகச் சொல்லாமல், லத்தீன் வாக்கியமொன்றின் எழுத்துகளைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கி வெளியிட்டார். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று நிறுவ வேண்டும், பிறர் அதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. அக்காலத்து அறிஞர்களிடம் இந்த வழக்கம் இருந்தது. அவர் இறந்தபின், 1705-இல்தான் அந்த எழுத்துக் குவியலின் பொருள் அச்சில் வந்தது. சங்கிலியின் வளைகோட்டுக்குச் சரியான சமன்பாட்டை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் 1691-இல் தந்தார்கள். டேவிட் கிரிகரி 1697-இல் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். கல் வளைவு அச்சு அசலாகச் சங்கிலியின் வடிவில் இருக்கவேண்டும் என்பதில்லை. அதன் தடிமனுக்குள் எங்காவது ஒரு புரட்டிய சங்கிலியின் கோடு வெளியே எட்டிப்பார்க்காமல் அடங்கினால் போதும், வளைவு நிற்கும். அரைவட்ட வளைவுகள் நிற்பதன் ரகசியம் இதுவே. அரைவட்டம் சங்கிலியின் வடிவம் அல்ல, ஆனால் தடிமன் போதுமானால் உள்ளே அந்தக் கோட்டுக்கு இடம் இருக்கிறது. தன் எடையை மட்டும் தாங்கும் அரைவட்டத்துக்கு ஆரத்தில் ஏறத்தாழ 11 சதவீதத் தடிமன் வேண்டும். இந்த எல்லையைத் துல்லியமாகக் கணக்கிட்டவர் செர்பியரான மிலுத்தின் மிலான்கோவிச். பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களையும் பனியுகங்களையும் இணைத்த அதே மிலான்கோவிச்தான். வியன்னாவில் 1904-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது கட்டுமானங்களின் அழுத்தக் கோடுகள் பற்றிய ஆய்வுக்கு.

ஹூக்குக்கு ஓராயிரம் ஆண்டு முன்பே, இன்றைய பாக்தாதுக்குத் தெற்கே தெசிஃபோனில் சாசானியக் கொத்தர்கள் ஏறத்தாழ 25 மீட்டர் அகலமும் 37 மீட்டர் உயரமும் கொண்ட செங்கல் வளைகூரையை எழுப்பியிருந்தார்கள். மரம் அரிதான நாடு. பின்சுவரில் செங்கல் வரிசைகளைச் சாய்த்து ஒட்டிக்கொண்டே முன்னேறியதால் அவர்களுக்குச் சென்ட்ரிங் தேவைப்படவில்லை. அந்தக் கூரையின் கோடு புரட்டிய சங்கிலிக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. சமன்பாடு இல்லை, விழுந்தவற்றையும் நின்றவற்றையும் தலைமுறைகளாகப் பார்த்த கண் இருந்தது. பின்னாளில் பார்சிலோனாவின் அந்தோனி கௌதி, கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கயிறுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, சுமைக்கு ஈடாகச் சிறு பைகளில் ஈயக்குண்டுகள் கட்டி, அவை எடுத்த வடிவத்தைப் படம்பிடித்துத் தலைகீழாக்கினார். கணக்கை ஈர்ப்புவிசையே போட்டுத்தந்தது.

கல் வளைவு எப்படிச் சாகிறது என்பதும் இதே கோட்டில்தான் இருக்கிறது. கல் நொறுங்கிப் பாலம் விழுவது மிக அரிது. கற்கள் தாங்கக்கூடியதில் சிறு பங்கைத்தான் சுமக்கின்றன. கோடு வளைவின் விளிம்பைத் தொடும் இடத்தில் கற்களுக்கிடையிலான மூட்டு எதிர்ப்புறத்தில் வாய் திறக்கிறது. அங்கே ஒரு கீல் பிறக்கிறது. ஒரு கீலால் ஆபத்தில்லை. மூன்று வரைக்கும் வளைவு பொறுத்துக்கொள்ளும். நான்காவது கீல் உள்ளும் புறமும் மாறிமாறி வந்து சேர்ந்தால் வளைவு மடிந்து இறங்கிவிடும். பாதங்கள் சற்றே விலகிய பழைய பாலங்களில் விரிசல் தெரிவதைக் கண்டு பதறுகிறோம். கேம்பிரிட்ஜின் ஜாக் ஹேமன் 1966 முதல் எழுதிய ஆய்வுகளில் இதைத் தெளிவாக்கினார்: விரிசல் பெரும்பாலும் நோய் அல்ல, விலகிய பாதங்களுக்கு ஏற்ப வளைவு தன்னைச் சரிசெய்துகொண்டதன் அடையாளம். நம் ஊர்ப் பழைய பாலங்களை இடிக்கும்முன் அதிகாரிகள் இதை ஒருமுறை படிக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ரோமின் புனித பீட்டர் பேராலயக் குவிமாடம் இந்த விஷயத்தில் பெரிய பாடம். குவிமாடம் என்பது ஒரு அச்சைச் சுற்றிச் சுழற்றிய வளைவு. அதன் பாதம் ஒரு வட்டம், உதைப்பு எல்லாத் திசையிலும். 1740-களில் அதில் விரிசல்கள் ஓடியிருந்தன. போப்பாண்டவர் கேட்டுக்கொண்டபடி பதுவாவின் ஜோவன்னி பொலேனி ஆராய்ந்தார். குவிமாடத்தைக் கற்பனையில் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் எடைக்கேற்பக் குண்டுகள் கோத்த கயிற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அந்தக் கோடு கட்டடத்தின் தடிமனுக்குள் அடங்கியது. உடனடி ஆபத்தில்லை என்றார். ஆனாலும் அடிவட்டம் மேலும் விரியாமலிருக்க இரும்பு வளையங்கள் பூட்டச் சம்மதித்தார். 1743, 1744 ஆண்டுகளில் ஐந்து வளையங்கள் ஏறின. பூசின காரையோ ஒட்டின கல்லோ மருந்தாகவில்லை. பாதத்தைக் கட்டிப்பிடித்ததுதான் மருந்து.

பல கண் பாலங்களில் உதைப்பு இன்னொரு விதமாகத் தீர்கிறது. நடுத் தூணின் இருபுறமும் ஒரே அளவு கண்கள் இருந்தால், இடக்கண் வலப்பக்கம் உதைக்க, வலக்கண் இடப்பக்கம் உதைக்க, இரண்டும் கழிந்துவிடுகின்றன. தூணுக்கு நேர்கீழ்ச் சுமை மட்டும் மிச்சம். இதை முழுமையாகப் பயன்படுத்திய பிரெஞ்சுப் பொறியாளர் பெரோனே, பாரிஸ் அருகே நியூயீயில் தூண்களை அதுவரை யாரும் துணியாத அளவுக்கு மெல்லியதாக்கினார். அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கண்ணின் சென்ட்ரிங்கை மட்டும் முதலில் எடுத்தால் மெலிந்த தூண் சாய்ந்துவிடும். எல்லாக் கண்களையும் முடித்துவிட்டுச் சேர்த்தே இறக்கவேண்டும். 1772-இல் பதினைந்தாம் லூயி மன்னர் பார்த்திருக்க, அந்த மரச்சட்டங்கள் ஆற்றில் விழுந்தன. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைரயில் பாதையில், ஆரியங்காவைத் தாண்டிக் கழுதுருட்டியில் சாலையோரம் தெரியும் பதின்மூன்று கண் பாலமும் இதே கணக்கில்தான் நிற்கிறது. உள்ளிருக்கும் தூண்கள் ஒன்றின் உதைப்பை மற்றொன்றுக்குக் கடத்த, மிச்சம் இரண்டு முனைகளிலும் மலைச்சரிவுக்குப் போகிறது.

மலை இல்லாத இடத்தில்? ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கும் ரயில் பாலத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஹௌராவுக்கு ரயிலில் போனவர்களுக்குப் பழகிய காட்சி அது: ஆற்றின் மேல் வரிசையாகக் கான்கிரீட் விற்கள், மொத்தம் 28 கண்கள், ஒவ்வொன்றும் 97 மீட்டருக்கு மேல். அடியில் ஆற்று மணல். உதைப்பை வாங்கப் பாறை இல்லை. ஆகவே ஒவ்வொரு வில்லின் இரு பாதங்களையும் ரயில் ஓடும் தளத்தின் மட்டத்தில் ஒரு நாண் இழுத்துக் கட்டியிருக்கிறது. வில் வெளியே உதைக்கிறது, நாண் உள்ளே இழுக்கிறது, தூணுக்கு இந்தச் சண்டை தெரியவே தெரியாது. காஷ்மீரில் 2025 ஜூனில் திறந்த செனாப் பாலம் இதற்கு நேர்மாறு. 467 மீட்டர் பாயும் அந்த எஃகு வளைவுக்கு நாண் கிடையாது. பாதங்கள் பள்ளத்தாக்கின் இருபுறப் பாறையில் ஊன்றியிருக்கின்றன. கட்டும்போது வளைவைவிட அதிகக் கவலை தந்தது, பிளவுகள் நிறைந்த அந்த இமயமலைப் பாறைச் சரிவுகளை உறுதிப்படுத்தும் வேலைதான்.

மனிதன் கட்டாத வளைவுகளுக்கு வருவோம். திருமலையில் வேங்கடவன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சிலாதோரணம் இருக்கிறது. ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள இயற்கைக் கல்வளைவு. தரிசனம் முடித்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வதை எப்போதும் காணலாம். காற்றும் நீரும் குடைந்தன என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காற்றுக்கும் நீருக்கும் வளைவு பற்றி என்ன தெரியும்? குடையும்போது ஏன் வளைவு மிஞ்சவேண்டும், ஏன் குப்பையாக மிஞ்சவில்லை?

மணற்பாறை வளைவுகளுக்கு இதன் விடையை 2014-இல் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிர்ஷி புருத்தான்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். செக் நாட்டின் ஸ்த்ரெலெச் குவாரியில் ஒரு விசித்திர மணல் கிடைக்கிறது. அதன் மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒட்டவைக்கும் பொருள் ஏறக்குறைய இல்லை. அதைக் கனசதுரமாக வெட்டி, மேலே எடையை வைத்துத் தண்ணீரில் நிறுத்தினார்கள். ஓரங்கள் கரைந்து உதிர்ந்தன. கட்டி மெலிய மெலிய, மிச்சமிருந்த பகுதியில் அழுத்தம் ஏறியது. ஓர் எல்லையை அடைந்ததும் உதிர்வது நின்றுவிட்டது. நெருக்கப்பட்ட மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் நீரால் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. எடையைச் சுமக்கும் மணல் தங்குகிறது, சுமக்காத மணல் போகிறது. இதையே பாறைக்குப் பொருத்துங்கள். ஒரு பாறைச் சுவரின் அடியில் குடைவு விழுந்ததும் எடை அதைச் சுற்றிக்கொண்டு இருபக்கமும் இறங்குகிறது. அந்த வழியில் இருக்கும் மணிகள் இறுகுகின்றன. அதற்குக் கீழே எடை சுமக்காமல் தொங்கும் பகுதி மழைக்கும் பனிக்கும் இரையாகிறது. ஹூக் சங்கிலியில் கண்ட கோட்டை, சுமக்காததையெல்லாம் நீக்கி நீக்கி அரிப்பு வெளியே கொண்டுவருகிறது. அறிவியலில் நான் படித்த விடைகளில் இவ்வளவு நிறைவு தந்தவை சிலவே.

அந்த வளைவுகளும் நிலையல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வளைவுகளுக்கென்றே உள்ள தேசியப் பூங்காவில் 2,000-க்கு மேற்பட்டவை இருக்கின்றன. 2008 ஆகஸ்டில் ஒரு இரவில் அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று விழுந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் கடலுக்குள் நீண்டிருந்த இரட்டை வளைவில், 1990 ஜனவரி 15 அன்று கரையை ஒட்டிய வளைவு திடீரென இடிந்தது. வெளி வளைவின் மேல் நடந்துபோயிருந்த இரண்டு பேர் கடலுக்கு நடுவே நின்றுவிட, ஹெலிகாப்டர் வந்து மீட்டது. வெளி வளைவு விழவில்லை. பெரோனேயின் மெலிந்த தூணாக இருந்திருந்தால் அண்டை வளைவோடு அதுவும் சாய்ந்திருக்கும். கடல் விட்டுவைத்திருந்த நடுக்கால் தனியே உதைப்பை வாங்கும் அளவுக்குப் பருத்திருந்தது.

உடலுக்குள்ளும் வளைவு என்று பெயர் பெற்றவை பல: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு, பல்வரிசையின் வளைவு, கருவின் தொண்டைப் பகுதியில் தோன்றி மறையும் வளைவுகள். இவை உருவத்தால் பெற்ற பெயர்கள். பெருந்தமனி வளைந்து திரும்பும் ஒரு குழாய். அதற்குப் பாதமும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனால் உள்ளங்காலின் வளைவு வேறு. அது மெய்யாகவே வளைவின் வேலையைச் செய்கிறது.

குதிகால் எலும்பு ஒரு பாதம், விரல்களின் அடிமுட்டுகள் மறுபாதம். இடையே எலும்புகள் எழுந்து வளைந்து நிற்கின்றன. உச்சிக்கு அருகே கணுக்கால் எலும்பின் வழியாக உடலின் எடை இறங்குகிறது. எடை இறங்கியதும் இரு பாதங்களும் விலகப்பார்க்கின்றன. நாம் நடக்கும் தரையில் முட்டுச் சுவர் கிடையாது. மணலிலும் ஈரக்களிமண்ணிலும் நடந்து வளர்ந்த உயிர் நாம். எனவே கோதாவரிப் பாலத்தின் வழிதான் இங்கும்: குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை நாணாக ஓடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் காலை ஊன்றி, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே மடக்கிப் பாருங்கள். உள்ளங்காலின் வளைவு எழும்பும். விரல் மடங்கும்போது நார்ப்பட்டை அதன் முட்டைச் சுற்றி இழுபட்டுக் குறுகுகிறது, பாதங்கள் நெருங்குகின்றன, வளைவு உயர்ந்து விறைக்கிறது. நடையில் குதிகால் எழும்பி விரலால் தரையை உந்தும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது. ஓடும்போது இந்த நாணும் பிற தசைநார்களும் இழுபட்டு ஆற்றலைத் தேக்கித் திருப்பித் தருகின்றன. 1987-இல் வெளியான ஆய்வின்படி, ஓடும் ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீட்கும் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 17 சதவீதம் உள்ளங்கால் வளைவில் தேங்குகிறது.

இன்னொரு வளைவும் காலில் இருக்கிறது, குறுக்குவாட்டில். ரூபாய் நோட்டு ஒன்றை ஓர் ஓரத்தில் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்த ஓரத்தைக் குறுக்காகச் சற்றே குழித்தால் நோட்டு விறைத்து நீட்டி நிற்கும். யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசன், ஓகினாவாவின் மகேஷ் பண்டி உள்ளிட்டோர் 2020-இல் காட்டியது இதுதான்: மனிதக் கால் நீளவாக்கில் வளையாமல் விறைத்திருப்பதில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தக் குறுக்கு வளைவின் பங்கு. நெடுங்காலமாகக் காலின் விறைப்பை விளக்கியவர்கள் பெரும்பாலும் நீள வளைவையே கவனித்துவந்தார்கள்.

குழந்தைகள் தட்டைக் காலோடுதான் நடக்கத் தொடங்குகிறார்கள். வளைவு வளர்ந்து வருவது. நாணும் தசையும் வேலை செய்து பழகவேண்டும். தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயதுவரையான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைக் கால் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். முன்புறம் மூடிய காலணி அணிந்தவர்களிடம் மிக அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் காணப்பட்டது.